ஓடாத ஆட்களின் மேஸ்திரி

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவனுடைய மகள் வழிப் பேரன் ஒருவர் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார். வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பேசுகிற நல்ல மனிதர். அவருக்காக இந்த ஒரு மரியாதை. வேறு மரியாதை எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் அவனோடு பேசிய ஒவ்வொரு பேச்சிலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் பேசினேன். எல்லோரையும் போல 'மேஸ்திரி, மேஸ்திரி' என்று பின்னால் நடந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றே வருகிறது. மாற்றிப் பார்த்தேன், கை போகவில்லை.

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. தொப்பியில் களிமண் உருண்டை வைத்து, அதில் மெழுகுவத்தியைக் குத்திக்கொண்டுதான் கீழே இறங்குவோம். பாறையைக் குடைந்துகொண்டே போகும்போது மேலே நிற்கிற பாறை இறங்கிவிடாமல் இரண்டு பக்கமும் மரத்தூண் நிறுத்தி, குறுக்கே உத்தரம் கொடுத்து, இடுக்கில் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். முட்டு வேலை என்று அதற்குப் பெயர். அந்த வேலைக்கு வடஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்து சேருகிற ஆட்களைப் பொறுக்கி எடுத்து, ஆறு வாரம் பழக்கி, சுரங்கத்துக்கு அனுப்புகிற குத்தகை அவனுடையது.

பழக்குவதற்கென்று மேலே, கூலிக்காரர்கள் குடியிருந்த லைன்களைத் தாண்டி, ஒரு பொட்டல் வெளியில் அவன் ஒரு சுரங்கம் கட்டியிருந்தான். பூமிக்குள் அல்ல, பூமிக்கு மேல். ஏழு ஜோடித் தூண்கள், மேலே பலகை, பலகைமேல் மண்ணும் கல்லும். உள்ளே போனால் இரண்டு பக்கமும் வெளிச்சம் வரும், நல்ல காற்று வரும். ஆடு வந்து நிழலுக்குப் படுக்கும். ஆட்கள் அதைப் பொம்மைச் சுரங்கம் என்பார்கள், அவன் காதில் விழாமல். அதன் வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பை வைத்துக்கொண்டு, அவன் சுரங்க வேலை கற்றுக்கொடுத்தான்.

வேட்டி எப்போதும் வெள்ளையாக இருக்கும். சலவைக்காரர் வீட்டிலிருந்து நேராக வந்த வெள்ளை. அந்த ஊரில் எல்லோருடைய துணியும் தங்கம் பிரித்த பிறகு கொட்டுகிற சயனைட் மண் படிந்து ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்த காலத்தில், அது ஒரு அதிசயம். முதல் நாள் பார்த்தபோது எவ்வளவு சுத்தமான மனிதர் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. புத்தி அவ்வளவுதான்.

நான் குடியாத்தம் பக்கம். பரம்பரையாகத் தச்சு வேலை. இரண்டு வருஷம் மழை பொய்த்ததும் ஏர் செய்யச் சொல்லவும் ஆள் இல்லை, கதவு செய்யச் சொல்லவும் ஆள் இல்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்ற பதினைந்து பேரில் நானும் ஒருவன். அவன் யாருடைய கையையும் பார்க்கவில்லை, என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்டது, குடும்பம் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி.

"பொஞ்சாதி கீதா? புள்ள குட்டி கீதா?"

எங்களோடு ஒருவன் வந்திருந்தான். ஆறடி உயரம், கல் உடைத்துப் பழகிய தோள். "ஒண்டி ஆளுங்க நானு" என்றான். மேஸ்திரி முகம் சுளிக்காமல், "அப்ப வேற எங்கனா பாரு நைனா" என்று அனுப்பிவிட்டான். என் குழந்தையை மட்டும் கூப்பிட்டு, மடியிலிருந்து ஒரு வெல்லக் கட்டி எடுத்துக் கொடுத்தான். பேர் கேட்டான். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அந்தப் பேரைச் சரியாகச் சொல்லி விசாரிப்பான். குடும்பஸ்தனுக்குத்தான் வேலை கொடுப்பேன் என்கிறவன் எவ்வளவு தர்மவான் என்று என் மனைவியிடம் சொன்னேன். ஒண்டி ஆளுக்குக் கோபம் வந்தால் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவான், வீட்டில் இரண்டு வயிறு காத்திருக்கிறவன் போகமாட்டான் என்பது எனக்கு விளங்க வெகுநாள் ஆயிற்று. அவன் எங்கள் பெண்டாட்டி பிள்ளைகளின் பேரை எல்லாம் மறக்காமல் வைத்திருந்தான். அவனிடம் எனக்கு இன்றுவரை பொறுக்காத விஷயம் அதுதான்.

கேள்வி கேட்கிறவனை அவனுக்குப் பிடிக்காது. எவனாவது வாயைத் திறந்து "ஏங்க மேஸ்திரி, மேல பாறை வெடிச்சிருந்தா அப்ப எப்டி முட்டு குடுக்கறது?" என்று கேட்டால் போதும், பிரம்பை நீட்டி மேற்குப் பக்கம் காட்டுவான். "கோலார்ல கோர்ட்டு கீது. அங்க போய் வக்கீலாவு. கேள்வி கேக்க அங்கதான் கூலி குடுப்பான்." எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். கேட்டவன் அதற்குப் பிறகு கேட்கமாட்டான். பதில் மட்டும் கடைசிவரை வராது.

என்னை அவன் அடக்கிய விதம் வேறு. வந்த இரண்டாவது வாரம், அவன் செய்து காட்டிய உத்தரத்தின் மூட்டு தப்பாக இருந்தது. தூணின் தலையில் வெட்டிய பள்ளம் ஆழமாகப் போய்விட்டதால் பாரம் ஒரு ஓரத்தில்தான் உட்காரும். நான் எல்லோருக்கும் முன்னால் அதைச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீ கைமேஸ்திரி. என் கூட நில்லு" என்றான். மற்றவர்கள் வெயிலில் தூண் தூக்க, நான் நிழலில் நின்று அவன் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அந்த மூட்டைப் பற்றி நான் பிறகு பேசவே இல்லை. அது அப்படியே தப்பாகவே இருந்தது.

தான் கீழே வேலை செய்த கதையை அவன் அடிக்கடி சொல்வான். ஒரு தடவை மேலேயிருந்து பாறை சரிந்ததாம். கூட இருந்த அத்தனை பேரும் ஓடிவிட்டார்களாம். இவன் மட்டும் உத்தரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, மாற்று ஆள் வருகிறவரை நின்றானாம். நான் முதலில் கேட்டபோது அது நூறடி ஆழத்தில் நடந்தது. தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்களிடம் சொன்னபோது முன்னூறு அடி. பொங்கலுக்குள் எண்ணூறு அடிக்குப் போய்விட்டது. அவன் சொன்ன அந்த ஷாப்ட், பூமிக்குள் இறங்குகிற குழி, அப்போது எண்ணூறு அடி தோண்டப்படவே இல்லை. கதை முடியும்போது பிரம்பால் முக்காலியின் காலைத் தட்டுவான். "ஓடுறவன் எவனும் என் ஆளு இல்ல. என் ஆளு ஓட மாட்டான்."

அவனுடைய படிப்பு முழுவதும் இந்த ஒரு பாடம்தான். கீழே மரம் முறுகுகிற சத்தம், கல் தெறிக்கிற சத்தம் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினால் ஷிப்ட் எப்படி நடக்கும்? கம்பெனியில் சுரங்க வேலையை மேற்பார்த்த வெள்ளைக்காரர் கேப்டன் துரைக்கு அந்தக் கவலை இருந்தது. மற்ற குத்தகைக்காரர்களின் ஆட்கள் ஓடினார்கள். இவன் ஓடாத ஆட்களைச் செய்து தருவதாகச் சொன்னான். செங்கல் அறுத்துத் தருவதுபோலச் செய்து தந்தான்.

செய்கிற விதம் இதுதான். ஆட்கள் பொம்மைச் சுரங்கத்துக்குள் தூண் நிறுத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவன் கூரைமேல் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய கல்லைப் பலகைமேல் போடுவான். உள்ளே இடி விழுந்ததுபோல இருக்கும். துள்ளினவன், தலையைத் தூக்கிப் பார்த்தவன், ஒரு அடி நகர்ந்தவன் எல்லோரும் வெளியே வந்து, வெயிலில் ஒரு தூணை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவன் போதும் என்கிறவரை. கூரைமேல் ஏறிக் கல்லைப் போடுகிற வேலை கைமேஸ்திரியுடையது. அதாவது என்னுடையது.

ஆறு வாரம் முடிந்து ஆட்களைக் கீழே இறக்குகிற நாளில் அவனுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒரு தடவை முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை மாரியம்மனுக்கு விரதம், பூமிக்குள் இறங்கக் கூடாது. ஒரு தடவை மாமியாருக்குத் திவசம். அந்த மாமியாருக்கு அதே வருஷத்தில் இரண்டு திவசம் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நான்தான் இறங்கினேன். ஷாப்ட் வாசலில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டின் கதவைத் திறந்து மூடுகிற ஒரு பெரியவர் இருந்தார். ஒரு நாள் அவரிடம், "எங்க மேஸ்திரி மின்னாடி எந்த லெவல்ல வேல செஞ்சாரு?" என்று கேட்டேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு, ஒங்க வெள்ள வேட்டியா? இந்த எடத்துல ஒம்போது வருசமா நிக்கிறேன் தம்பி. அவரு இந்தக் கம்பியத் தாண்டி வந்து நான் பாத்ததில்ல."

கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் கூரைமேல் ஏறிக் கல்லைப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் முனிசாமி வந்தான். திருப்பத்தூர் பக்கத்துக்காரன், கிணறு வெட்டுகிறவன். மனைவி பச்சையம்மா, ஒரு வயதுக்குள் ஒரு பெண் குழந்தை. மேஸ்திரி கேட்ட கேள்விக்குப் பொருத்தமான குடும்பம். ஆனால் முனிசாமிக்கு ஒரு குறை இருந்தது. சத்தம் கேட்டால் துள்ளுவான். கல் விழுந்து அடங்குவதற்குள் வெளியே நிற்பான். அவன் எப்போது ஓடினான் என்று பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாது.

"கெணத்துல பதினஞ்சு வருசம் இருந்தவன்ணா நானு" என்று என்னிடம் சொன்னான். "மண்ணு மொதல்ல முணுமுணுக்கும். அப்பறம்தான் வுழும். அந்த ரெண்டுக்கும் நடுவால கெடைக்குது பாரு கொஞ்சம், அதான் நம்ம உசுரு. எங்கப்பா எனக்கு வேற ஒண்ணும் குடுக்கல. இந்தக் காத மட்டும்தான் குடுத்தாரு."

பதினைந்து வருஷம் கிணற்றில் உயிரோடு இருந்தவன் சொல்கிறான். எந்தத் தொழிலிலும் அந்த ஆளைப் பிடித்து முன்னால் உட்காரவைத்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வார்கள். மேஸ்திரி அவனைக் குணப்படுத்த முடிவு செய்தான்.

ஒரு வாரம் வெயிலில் நிறுத்தினான். பயன் இல்லை. நிற்பான், திரும்பி உள்ளே போவான், கல் விழும், வெளியே நிற்பான். எட்டாம் நாள் மேஸ்திரி லைனுக்கு ஆள் அனுப்பி, பச்சையம்மாவைக் குழந்தையோடு கூட்டிவரச் சொன்னான். சுரங்க வாசலில் தன் முக்காலியையே அவளுக்குக் கொடுத்து உட்காரவைத்தான். குழந்தைக்கு வெல்லம் கொடுத்தான்.

"ஒம் புருசன் வேல கத்துக்கற லட்சணத்தப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சைகை காட்டினான்.

நான் கல்லைப் போட்டேன். முனிசாமி பாய்ந்து வெளியே வந்து, தன் மனைவிக்கு முன்னால் நின்றான். இருபது பேர் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை. குழந்தையின் வாயிலிருந்து வெல்லத்தைப் பிடுங்கி மண்ணில் போட்டுவிட்டு, எழுந்து போனாள். முனிசாமி அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்றிலிருந்து அவன் தன்னையே பழக்கிக்கொண்டான். மத்தியானம் மற்றவர்கள் கூழ் குடிக்கப் போன பிறகு என்னிடம் வருவான். "இன்னொரு தபா போடுண்ணா." போடுவேன். அவன் உள்ளே தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பான். "இன்னொரு தபா." முதலில் உடம்பு முழுவதும் உதறும். பிறகு தோள் மட்டும். பிறகு விரல் மட்டும். ஐந்தாவது வாரம் விரலும் நின்றுவிட்டது. அன்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நானும் பதிலுக்குச் சிரித்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. கேப்டன் துரையைக் கூட்டிவந்து முனிசாமியைக் காட்டினான். துரை நின்று பார்க்க, நான் இருப்பதிலேயே பெரிய கல்லைப் போட்டேன். முனிசாமி ஆப்பு அடித்துக்கொண்டே இருந்தான். சுத்தியலின் தாளம்கூடத் தப்பவில்லை. துரை அவன் தோளைத் தட்டி, "குட் மேன்" என்றார். மேஸ்திரி கைகட்டி, குனிந்து, "என் ஆளு ஓட மாட்டான் தொரை" என்றான்.

இறங்குகிற நாள் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

கீழே போன இரண்டாவது வாரம் அது நடந்தது. நாங்கள் ஆறு பேர் முட்டு வைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் தள்ளி, பாறையில் துளை போடுகிற வயதான ஒருவர் இருந்தார். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. யாரோ பாக்கைக் கடித்ததுபோல மேலே சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். துளை போடுகிறவர் கருவியைக் கீழே போட்டார். "ஓடுங்கடா!" என்று கத்தினார்.

நான் ஓடினேன். கல்லைப் போட்டு ஓடாத ஆட்களைச் செய்தவன், முதல் சத்தத்துக்கே ஓடினேன். திருப்பத்தில் வந்து திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்குப் பின்னால் இருட்டில் ஒரே ஒரு மெழுகுவத்தி நின்றுகொண்டிருந்தது.

"முனிசாமி! ஓடியாடா!" என்று கத்தினேன்.

வெளிச்சம் என் பக்கம் திரும்பியது. அவன் முகம் தெரிந்தது. நான் ஏன் ஓடுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. அது இன்னொரு பரீட்சை என்று நினைத்தானோ என்னவோ. "ஆப்பு இன்னும் இறுகலண்ணா" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். சுத்தியலை ஓங்கினான். பிறகு வெளிச்சம் இல்லை.

அவனை எடுக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. அதுவரை பச்சையம்மா ஷாப்ட் வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லைனே அங்கே கூடியிருந்தது. காலையில் கேப்டன் துரை விசாரிக்க வந்தார். மேஸ்திரியும் வந்தான், வெள்ளை வேட்டிக்கு மேல் ஒரு கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு. துக்கத்துக்குப் போட்டதோ, துரைக்குப் போட்டதோ.

"ஓடினவன் இவன் தொரை" என்று பிரம்பால் என்னைக் காட்டினான். "இவன் என் ஆளே இல்ல. கீழ கீறான் பாருங்க, அவன்தான் என் ஆளு. நான் சொன்னேனா இல்லியா, என் ஆளு ஓட மாட்டான்னு?"

குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடிப்பார்த்தேன். கொஞ்சமாவது இருந்திருந்தால் இவ்வளவு வருஷம் கழித்து நான் அதைச் சொல்லியிருப்பேன். அது வியாபாரி தன் சரக்கைப் பற்றிப் பேசுகிற குரல். சரக்கு உடைந்திருந்தாலும் சொன்ன தரம் தப்பவில்லை என்கிற குரல்.

துரை அதையெல்லாம் கவனித்த மாதிரி தெரியவில்லை. இடிந்த இடத்துக்கு முன்னால் மற்ற முட்டுகள் இன்னும் நிற்கின்றன, அவற்றின் மூட்டு ஏதோ கோணலாக இருக்கிறது, இதை எப்படிப் பழக்கினாய் என்று கீழே வந்து காட்டு என்றார். ஆபீஸ் ரைட்டர் அதைத் தமிழில் சொன்னார். கேஜ் கதவு திறந்தது. துரை உள்ளே ஏறி நின்றார்.

மேஸ்திரி கம்பிவரை நடந்தான். கம்பியை ஒரு கையால் பிடித்தான். பிறகு இன்னொரு கையாலும் பிடித்தான். பிரம்பு கீழே விழுந்தது. "முதுகு..." என்றான். "முதுகு சரியில்லீங்க தொரை, நாளைக்கி..." என்றான். கேஜ் பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பது வருஷமாக எதற்கோ காத்திருந்ததுபோல இருந்தது அவர் முகம்.

பச்சையம்மா குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எறங்கு மேஸ்திரி" என்றாள். கத்தவில்லை. "எம் புருசன் எறங்குனானே. எறங்கு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்தபடியே மெல்ல மெல்லக் குந்தி, அந்த வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டான். முதுகு நடுங்கியது. துரை கோட்டுப் பையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவன் இல்லாமலே இறங்கினார். நான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயப்படுகிற மனிதனைப் பார்த்தால் இரக்கம் வர வேண்டும். பயம் எனக்கும் தெரியும், முந்தின நாள்தான் ஓடியிருந்தேன். ஆனால் இரக்கம் வரவில்லை. தன் உடம்பு முழுக்க இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு, பயப்பட்டதற்காக எங்களை வெயிலில் நிறுத்தினானே, அந்த ஆத்திரம்தான் வந்தது.

அதோடு அவன் கதை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. குத்தகை அவனிடமே இருந்தது. துரைக்கு ஆள் வேண்டும், ஊரில் பஞ்சம், ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு வாரத்தில் புது ஆட்கள் பொம்மைச் சுரங்கத்துக்குள் நின்றார்கள். புதிதாக ஒரு கைமேஸ்திரி கூரைமேல் ஏறினான். முனிசாமியின் கதையை மேஸ்திரி அவர்களுக்குச் சொன்னான் என்று கேள்விப்பட்டேன். செத்தாலும் ஓடாத ஆள் என்று. தன் கையால் பழக்கினவன் என்று. நூறடி, முன்னூறு அடிக் கதையை விட்டுவிட்டான். அதைவிட நல்ல கதை கிடைத்துவிட்டது.

என்னை ஓடினவன் என்று விரட்டியிருந்தான். கம்பெனியின் மரப்பட்டறையில் தச்சனாகச் சேர்ந்தேன். பட்டறை வாசலில் நின்றால் பொட்டலைத் தாண்டி பொம்மைச் சுரங்கம் தெரியும். பச்சையம்மா தாதுக்கல் பொறுக்குகிற வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் வேலைக்குப் போகிற வழியும் அதுதான். தினமும் போகும்போது சுரங்க வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். மேஸ்திரி ஆள் விட்டு விரட்டிப் பார்த்தான். நகர்ந்து பத்தடி தள்ளி நிற்பாள்.

அந்த வருஷங்களில் தங்கவயலில் அவ்வப்போது பூமி அதிரும். ஆழத்தில் எங்கோ பாறை வெடித்தால் மேலே அலமாரியில் தட்டு குலுங்கும், சுவரில் காரை உதிரும். ஒரு நாள் காலை அப்படி ஒன்று வந்தது, வழக்கத்தைவிடப் பலமாக. பட்டறையில் மாட்டியிருந்த வாள்கள் எல்லாம் கணகணவென்று ஆடின. நான் வாசலுக்கு ஓடிவந்தேன். அந்த நேரம் மேஸ்திரி பொம்மைச் சுரங்கத்தின் உள்ளே இருந்தான். ஏதோ ஆப்பைத் தட்டிக் காட்டப் போயிருக்கிறான். பலகை இடுக்கிலிருந்து மண் கொட்டியது. வாசலில் நின்ற பச்சையம்மாவின் குரல் பொட்டல் முழுவதும் கேட்டது.

"ஓடுங்கடா! வுழுது!"

முதலில் வெளியே வந்தது வெள்ளை வேட்டி. இரண்டு பேரைத் தள்ளிவிட்டு, ஒருவன் காலை மிதித்து, தலைமேல் இரண்டு கையையும் கவிழ்த்துக்கொண்டு, பாதி அவிழ்ந்த வேட்டியோடு அவன் ஓடினான். பொட்டலைக் கடந்து, என் பட்டறை வாசல்வரை ஓடிவந்துதான் நின்றான். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே அவன் வேட்டியைப் பார்த்தேன்.

சுரங்கம் விழவில்லை. அதிர்வு நின்றது. உள்ளே பதினான்கு பேர் தூணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தான்.

பச்சையம்மா வாசலுக்குப் போய் உள்ளே எட்டிப்பார்த்தாள். "இத்தினி நாளா ஒங்களுக்கு நிக்கக் கத்துக்குடுத்தாரு. இன்னிக்கித்தான் தொழிலக் கத்துக்குடுத்துக்கீறாரு. பாத்துக்கினீங்க இல்ல? வாங்க வெளிய."

ஒருவன் தூணை விட்டான். பிறகு இன்னொருவன். ஒருவர் பின் ஒருவராகப் பதினான்கு பேரும் வெயிலுக்கு வந்து நின்று, தூரத்தில் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் லைன் முழுவதும் அது பரவியது. அதற்குப் பிறகு கூரைமேல் கல் விழுந்தால் அவன் ஆட்கள் எல்லோரும் ஓடினார்கள், கீழேயும் ஓடினார்கள், உயிரோடு மேலே வந்தார்கள். ஓடுகிற ஆட்களைக் கொடுப்பதற்கு அவன் எதற்கு? வேலை தெரிந்த பழைய ஆட்களையே பழக்கச் சொல்லிவிட்டது கம்பெனி. ஒரு நாள் அவன் வீட்டுச் சாமான்கள் மாட்டுவண்டியில் போனதைப் பார்த்தேன்.

பல வருஷம் கழித்து, என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் அவனை ஒரு தடவை பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வேட்டி அதே வெள்ளை. சுற்றி முப்பது பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். மலைமேல் காப்பித் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகிறான். மலையில் தான் காடு வெட்டியபோது புலி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட வெட்டின எல்லோரும் ஓடிவிட்டார்களாம்.

அவனிடம் போகவில்லை. ஓரத்தில் மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆளிடம் போய்க் குனிந்து சொன்னேன்: "இவன நம்பாத நைனா. இவன் அந்த மலைய கண்ணாலகூட பாத்திருக்க மாட்டான்."

அந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஆச்சரியப்படவில்லை.

"தெரியுதுண்ணா" என்றான். "பேசும்போதே தெரியுது. எங்க ஊர்ல ரெண்டு வருசமா மழ இல்ல. நீ வேற ஒரு எடம் காட்டு, தோ, இப்பவே எந்திரிச்சி ஒன்னோட வந்துடறோம்."

அவன் மனைவி அதற்குள் மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். என் கையில் திரும்பிப் போக ஒரு டிக்கெட் இருந்தது. காட்டுவதற்கு இடம் எதுவும் இல்லை.

ரயில் வந்து நின்றது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு புருஷனைத் தொட்டு எழுப்பி, மேஸ்திரி கை காட்டிய பெட்டியில் ஏறினாள்.